மோப்ப நாயின் பின்னால் நிற்கும் தொழில்கள்: வன்னி நிலத்திலிருந்து ஒரு பார்வை

வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி என்றதும், முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து வெயிலில் முழந்தாளிட்டு மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறும் பெண்களும் ஆண்களுமே நினைவுக்கு வருகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மீட்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி அவர்களுடைய கைகளாலேயே மீட்கப்பட்டது. ஆயினும் இந்த நாட்டின் கண்ணிவெடிப் பணியில் நாய்களுக்கும் ஓர் இடம் இருந்துவந்திருக்கிறது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் விரிவடைந்த பின்னர், இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கு, அமெரிக்க அரசின் உதவியுடன் மார்ஷல் லெகசி இன்ஸ்டிடியூட் என்ற தொண்டு நிறுவனம் பயிற்றப்பட்ட நாய்களை வழங்கியது.

நாயின் மூக்கைப் பற்றி எழுதப்படுவது அதிகம். அந்த மூக்கு நாள்தோறும் நம்பத்தக்கதாக இருப்பதற்காக உழைப்பவர்களைப் பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு. நாயைக் கையாளுபவர், பயிற்றுநர், நாய்க்கூடப் பராமரிப்பாளர், மிருக வைத்தியர், அவருடைய உதவியாளர், சோதனை அலுவலர் எனப் பல தொழில்கள் ஒரு நாயைச் சுற்றி இயங்குகின்றன. இந்தத் தொழில்களை வன்னி இளையோர் அறிந்திருக்க வேண்டும் என்பதும், மிதிவெடிப் பணியில் ஏற்கெனவே தேர்ந்த எமது பணியாளர்களுக்கு இவற்றில் உரிய இடம் உண்டு என்பதும் என் கருத்து. ஆனால் அந்த இடத்தை மிகைப்படுத்திச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. ஆகவே, நாய் இந்த நிலத்தில் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதலில் தெளிவாக்குகிறேன்.

நெருக்கமான வெடிநிலமும் ஐயத்துக்குரிய நிலமும்

2000 ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் கைமாறியதிலிருந்து போரின் இறுதிக் கட்டம் வரை, கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியாகச் சென்ற முன்னரங்கக் கோட்டின் இரு பக்கங்களிலும் மிதிவெடிகள் வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டன. பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்திலுள்ள முகமாலை, இலங்கையின் மிக மோசமான வெடிநிலமாக அறியப்பட்டது அதனால்தான். இராணுவம் பயன்படுத்தியவற்றுள் பாகிஸ்தானில் உற்பத்தியான பி 4 வகை முக்கியமானது. அதன் உறை பிளாஸ்டிக். உள்ளே உள்ள உலோகம் மிகச் சொற்பம். விடுதலைப் புலிகள் உருவாக்கிய ஜொனி வகை வெடிகளுள் மரப்பெட்டியில் அமைந்தவையும் உண்டு. உலோகங்காண் கருவி இவற்றின் மீது தடுமாறக்கூடும். அதே கருவி, எறிகணைச் சிதறல்களும் துப்பாக்கி ரவைக் கோதுகளும் நிறைந்த மண்ணில் ஓயாமல் ஒலித்துக்கொண்டும் இருக்கும். வெடிமருந்தைத் தேடும் நாய்க்கு இந்த இரு இடர்களும் இல்லை. உறை மரமாயினும் பிளாஸ்டிக்காயினும் அதற்குப் பெரிய வேறுபாடில்லை. வெறும் இரும்புத் துண்டை அது பொருட்படுத்துவதும் இல்லை.

இதைக் கேட்பவர், அப்படியானால் முகமாலை முழுவதையும் நாய்களைக் கொண்டே துப்புரவாக்கியிருக்கலாமே என்று எண்ணக்கூடும். அது இயலாது. வெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலத்தில் ஒன்றின் மணம் மற்றதன் மணத்தோடு கலந்துவிடும். எந்த இடத்தில் மணம் கூடுதலாக இருக்கிறது என்பதை வைத்தே நாய் இடத்தைக் காட்டுகிறது. எங்கும் மணம் பரவியிருக்கும்போது அதனால் ஒரு புள்ளியைத் தெரிந்தெடுக்க முடிவதில்லை; மிதிக்கும் ஆபத்தும் அதிகம். அத்தகைய நிலத்தில், நீண்ட பிடியுடைய வாரிகளால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுக்கும் முறையே பயன் தந்தது. மணற்பாங்கான வடக்கு நிலத்துக்கும் உலோகம் குறைந்த வெடிகளுக்கும் ஏற்றதாக 2000களின் முற்பகுதியில் இங்கேயே உருவாக்கி வளர்க்கப்பட்ட முறை அது.

நாயின் பெறுமதி, வெடி இருக்கலாம் என்ற ஐயம் மட்டும் உள்ள, பரந்த, வெடி ஐதான நிலங்களில் வெளிப்படுகிறது. ஒரு மனிதர் கையால் ஒரு நாளில் சில பத்துச் சதுர மீற்றர் நிலத்தையே முடிக்க முடியும். நல்ல சூழலில் ஒரு நாய் பல நூறு சதுர மீற்றரைத் தேடி முடித்துவிடும். எல்லைக் கிராமங்களில் பற்றை மூடிக் கிடக்கும் கைவிடப்பட்ட வயல்கள், காட்டோரப் பாதைகள், இயந்திரம் உழுது முடித்த நிலங்கள் ஆகியவற்றில், "இங்கே ஒன்றும் இல்லை" என்று பொறுப்போடு சொல்வதற்கு நாய் பெரிதும் உதவுகிறது. மீள்குடியேறிய ஒரு குடும்பத்துக்கு இந்தச் சொல்லின் பெறுமதி எவ்வளவு என்பதை வன்னியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மண், காற்று, மணம்

கையாளுபவர் முதலில் கற்க வேண்டியது மண்ணையும் காற்றையும்தான் என்பேன். மிதிவெடிகளில் பெரிதும் பயன்படும் ரி.என்.ரி. என்ற வெடிமருந்து மிகச் சொற்பமாகவே ஆவியாகும் பொருள். அதனோடு மாசாகக் கலந்திருக்கும் டைநைட்ரோதொலுயீன் அதைவிட எளிதாக ஆவியாகும். நாய்கள் பெரும்பாலும் இதையும் சேர்த்தே முகர்கின்றன. உறையின் வழியாகவும் விளிம்புகளின் வழியாகவும் கசியும் இந்த ஆவி, சுற்றியுள்ள மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மெல்ல மேலே வருகிறது. புதைத்த மறுநாளே மணம் மேற்பரப்புக்கு வந்துவிடுவதில்லை. ஆகவே, பயிற்சிக்காகவும் சோதனைக்காகவும் புதைக்கப்படும் வெடிகளைப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில், மண்ணில் விட்டுவைத்த பின்னரே பயன்படுத்துகிறார்கள்.

உலர்ந்த மண் இந்த ஆவியை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிறிது ஈரம் பட்டதும் அதை விட்டுவிடும். விடியற்காலைப் பனி ஈரத்தில் நாய் நன்றாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். வைகாசி தொடக்கம் மாதக்கணக்கில் வீசும் சோளகத்தில் மேல்மண் பொடியாகி, மணமும் காற்றோடு இழுபட்டுப் போய்விடும். வெடி ஓரிடத்தில் இருக்க, நாய் அதிலிருந்து விலகிய ஓரிடத்தைக் காட்டுவது பலத்த காற்றில்தான் நேரும். மாறாக, மாரியில் நீர் தேங்கிய களிமண் வயலில் மணம் அமிழ்ந்துவிடும். ஆகவே, எந்த மாதத்தில், எந்த மண்ணில், எத்தனை மணிக்குத் தேடுவது, எப்போது நிறுத்துவது என்பவற்றைத் தீர்மானிக்கும் அறிவு இந்தத் தொழிலின் நடுவில் இருக்கிறது. இந்த நிலத்தின் காற்றையும் மழையையும் சிறு வயதிலிருந்தே அறிந்த ஒருவருக்கு, வெளியிலிருந்து வரும் நிபுணரிடம் இல்லாத ஒரு தகுதி இயல்பாகவே உண்டு.

கையாளுபவரின் வேலை

தேடலின் ஒழுங்கு பார்வைக்கு எளிமையானது. பற்றைகள் முன்னரே வெட்டப்பட்டிருக்க வேண்டும். நிலம் பொதுவாகப் பத்து மீற்றர் நீள அகலமுள்ள சதுரங்களாகப் பிரிக்கப்படும். கையாளுபவர் ஏற்கெனவே துப்புரவாக்கப்பட்ட பாதையில் நின்றுகொண்டு, நீண்ட கயிற்றின் முனையில் நாயை நேர்கோட்டில் அனுப்பி, திரும்ப அழைப்பார். பின்னர் சற்று நகர்ந்து அடுத்த கோட்டில் அனுப்புவார். வெடிமருந்தின் மணம் கிடைத்ததும் நாய் அவ்விடத்தில் உட்கார்ந்துவிடும். தோண்டவோ குரைக்கவோ கூடாது. இடம் குறிக்கப்பட்டு, நாய் திரும்ப அழைக்கப்பட்டு, அதற்குரிய பந்தோ பாராட்டோ வழங்கப்படும். பின்னர் கையால் வேலை செய்பவர் சென்று அந்த இடத்தை ஆராய்வார். வழமையில் ஒரு நாய் தேடிய நிலத்தை இன்னொரு நாய் மீண்டும் தேடும். முதல் நாய் எதைக் காட்டியது என்பது இரண்டாவது நாயைக் கொண்டு வருபவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

அது ஏன் நல்லது என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாக இருக்கிறது. 2011 ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்தினர். போதைப்பொருளுக்கும் வெடிமருந்துக்கும் பயிற்றப்பட்ட 18 நாய்களும் அவற்றைக் கையாளுபவர்களும் அதில் பங்கேற்றனர். தேடப்பட்ட கட்டடத்தில் எந்த மணப்பொருளும் வைக்கப்படவில்லை. ஆனால் வைக்கப்பட்டிருப்பதாகக் கையாளுபவர்களிடம் சொல்லப்பட்டது. சில இடங்களில் அடையாளமாகக் கடதாசியும் ஒட்டப்பட்டிருந்தது. பெரும்பாலான சுற்றுகளில் நாய் மணத்தைக் காட்டியதாகவே கையாளுபவர்கள் தெரிவித்தனர். அடையாளம் இருந்த இடங்களில் அது இன்னும் கூடுதலாக நிகழ்ந்தது. மனிதரின் எதிர்பார்ப்பு, அவர் அறியாமலே, கயிற்றின் வழியாகவும் நடையின் வழியாகவும் நாயைச் சென்றடையலாம். அல்லது எதிர்பார்ப்பினால் அவருடைய கண்ணே தவறாகப் பார்க்கலாம். இரண்டுமே மிதிவெடி நிலத்தில் பாரதூரமானவை.

ஆகவே நல்ல கையாளுபவரின் முதற்பண்பு தன் விருப்பத்தை அடக்கிக்கொண்டு நாயைக் கவனிப்பதாகும். மணத்தின் ஓரத்தைத் தொட்ட நாயின் மூச்சு மாறும், நடை தளரும், தலை திரும்பும், வாலின் அசைவு வேறாகும். ஒவ்வொரு நாயிடமும் இந்த மாற்றங்கள் வெவ்வேறு விதமாக வெளிப்படுவதால், கையாளுபவரும் நாயும் ஒரு சோடியாகவே சோதிக்கப்பட்டு அனுமதி பெறுகிறார்கள். சோதனை நிலத்தில் வெடியைத் தவறவிடும் சோடி களத்துக்கு அனுப்பப்படுவதில்லை. அது பயிற்சிக்குத் திரும்புகிறது. நாய் மாறினாலும் கையாளுபவர் மாறினாலும் சோதனை மீண்டும் நடத்தப்படும். களத்தில் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குவதற்கு முன்னர், தெரிந்த ஒரு மாதிரியைக் கண்டுபிடிக்கச் செய்து நாயின் அன்றைய நிலையை அறிந்துகொள்வார்கள். "இன்று இது வேலை செய்யாது" என்று மேலதிகாரியிடம் துணிந்து சொல்லத் தெரியாதவர், நாயின் மேல் எவ்வளவு அன்பு வைத்திருந்தாலும், இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானவர் அல்லர்.

பராமரிப்பே பாதுகாப்பு ஏற்பாடு

நாயைப் பராமரிப்பவர்களின் தொழிலை இரண்டாந்தர வேலையாகக் கருதும் பழக்கம் எங்கும் உண்டு. அது தவறான கணிப்பு. வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்து அதனால் குளிர்ந்துகொள்ள முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே அதன் முக்கிய வழி. இளைக்கும் நாய் வாயால் மூச்சு விடுவதால் முறையாக முகர முடியாது. அதாவது, வெப்பம் நாயின் உயிரை அச்சுறுத்துவதற்கு வெகு முன்னரே அதன் தேடும் திறனைக் குறைத்துவிடுகிறது. உடல் வெப்பநிலை 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டு, சில மணி நேரத்தில் இறக்கவும் கூடும். பங்குனி, சித்திரை மாதங்களில் நிழலற்ற வெட்டையில், ஒவ்வொரு இடைவேளையிலும் குதவழியே வெப்பநிலையை அளந்து பதிவேட்டில் எழுதும் உதவியாளர், அந்த நிலத்தில் நாளை உழப்போகும் விவசாயியின் காலையும் சேர்த்தே காக்கிறார்.

உண்ணி அடுத்த பெரும் தொல்லை. மாடும் ஆடும் மரையும் பன்றியும் நடமாடும் பற்றைக் காடுகளில் உண்ணி ஏறாமல் ஒரு நாய் வேலை செய்வது அரிது. உண்ணிகள் பரப்பும் பபீசியா, எர்லிக்கியா ஆகிய நோய்கள் இலங்கை நாய்களிடையே பரவலாகக் காணப்படுபவை. காய்ச்சல், இரத்தச்சோகை, பசியின்மை, மூக்கிலிருந்து இரத்தம் வடிதல் என்று அவை வெளிப்படும். நோய் முற்றுவதற்கு முன்னைய நாட்களில், உணவைச் சிறிது மிச்சம் வைப்பதும் பந்தை வழமையான உற்சாகத்தோடு துரத்தாததுமே அறிகுறிகளாக இருக்கலாம். அதைக் கண்டுகொள்வது நாள்தோறும் கூட்டைக் கழுவி உணவு வைக்கும் பராமரிப்பாளரே. விரலால் முடியைக் கோதி, காது மடலின் உள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுவது அவருடைய மாலை நேர வேலை.

மருந்து கொடுப்பதிலும் இந்தத் தொழிலுக்கே உரிய நுணுக்கம் உண்டு. 2016 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெடிமருந்து தேடும் நாய்களுக்கு மெட்ரோனிடசோல், டொக்சிசைக்ளின் என்ற இரு மருந்துகளைக் கொடுத்து முகரும் திறனைச் சோதித்தது. மெட்ரோனிடசோல் பெற்ற 9 நாய்களுள் 5 நாய்களின் திறன் குறைந்தது. டொக்சிசைக்ளின் பெற்றவற்றில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் கொடுப்பது மிகச் சாதாரணமான வைத்தியம். வீட்டு நாய்க்கு அதனால் எந்தக் கேடும் தெரியாது. மோப்ப நாய்க்கு அதைக் கொடுத்தால், மருந்து முடிந்து நாய் மீண்டும் சோதிக்கப்படும்வரை களத்துக்கு அனுப்பக்கூடாது என்பதை வைத்தியரும் கையாளுபவரும் அறிந்திருக்க வேண்டும். உண்ணிக்காய்ச்சலில் எர்லிக்கியாவுக்குக் கொடுக்கப்படுவது டொக்சிசைக்ளின் என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல்.

அகன்ற மார்புடைய பெரிய நாய்களில் வயிறு ஊதித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உடனடிச் சத்திரசிகிச்சை இன்றேல் உயிர் தங்காது. அமெரிக்கப் படைநாய்களுக்கு இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைக்கும் சத்திரசிகிச்சை முன்கூட்டியே செய்யப்படுவது இதனால்தான். உணவுக்கும் கடும் வேலைக்கும் இடையே போதிய நேரம் விடுவது நாய்க்கூடப் பராமரிப்பாளரின் கடமைகளுள் ஒன்று. இடுப்பு மூட்டு நோயைக் கண்டறியும் எக்ஸ்கதிர்ப் படம், கடித்து உடைந்த கோரைப் பற்களுக்கான சிகிச்சை, சூடேறிய மண்ணில் தோலுரியும் பாதங்கள், விசர்நாய்க்கடி நோய்க்கும் எலிக்காய்ச்சலுக்குமான தடுப்பூசிகள், புடையன் தீண்டினால் செய்ய வேண்டிய முதலுதவி என்று பட்டியல் நீள்கிறது. மனமும் நோயுறும்: ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டு வெடிப்புகளுக்கு நடுவே வேலை செய்த நாய்களிடம் மனவடு நோயை ஒத்த அறிகுறிகள் தென்பட்டதை அமெரிக்கப் படை மிருக வைத்தியர்கள் 2010களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டு சிகிச்சை வகுக்கலாயினர்.

பயிற்றுநரின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏனெனில் அதன் அடிப்படைப் பாடம் ஒரு தோல்வியிலிருந்தே தெளிவாகிறது. இரண்டாம் உலகப் போரில், 1942 அளவில், அமெரிக்கப் படை மிதிவெடி தேடும் நாய்களைப் பயிற்ற முயன்றது. புதைத்த பொருளை நெருங்கினால் மின்னதிர்ச்சி கிடைக்கும் என்று அஞ்சவைக்கும் முறையே அங்கு கையாளப்பட்டது. வட ஆபிரிக்கக் களத்தில் அந்த நாய்கள் பெரும் எண்ணிக்கையான வெடிகளைத் தவறவிட்டன. மறுபுறம், பிரித்தானியப் படையில் பணியாற்றிய ரிக்கி என்ற செம்மறி மேய்ப்பு நாய், 1944 டிசெம்பரில் நெதர்லாந்தில் ஒரு கால்வாய்க் கரையைத் துப்புரவாக்கும்போது வெடியொன்று வெடித்துத் தலையில் காயமடைந்தும் அமைதியாகத் தன் வேலையைத் தொடர்ந்தது. விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் அதற்கு வழங்கப்பட்டது. இன்று வெடிகாண் நாய்ப் பயிற்சி விளையாட்டையும் பரிசையும் அடிப்படையாகக் கொண்டது. ஒன்று அல்லது ஒன்றரை வயதில் தொடங்கும் அந்தப் பயிற்சிக்குப் பல மாதங்கள் தேவைப்படுகின்றன. பெல்ஜியன் மலினுவா, ஜேர்மன் ஷெப்பேர்ட், லாப்ரடோர் ஆகிய இனங்களே பெரிதும் தெரிந்தெடுக்கப்படுகின்றன. இந்தியாவில் மீரட்டிலுள்ள படை மிருக வைத்தியப் பயிற்சி நிலையம் கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாயையும் பயிற்றத் தொடங்கியது. வெப்பத்தைத் தாங்கும் உள்ளூர் இனங்கள் மீதான இந்த அக்கறை, வேட்டைக்கும் வயற்காவலுக்கும் நாய் வளர்த்து வந்த வன்னிக்கும் பொருள் உள்ளது.

எவருக்கு, எந்த வழியால்

இலங்கையில் இத்தகைய நாய்களைப் பெரிய அளவில் வைத்திருப்பவை இராணுவமும் பொலிஸ் திணைக்களமுமே. பொலிஸ் நாய்கள் பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. வன்னியில் வளர்ந்த பலருக்கு, படைநாய் என்றதும் சோதனைச் சாவடியில் தம் பைகளை முகர்ந்த நாயே முதலில் நினைவுக்கு வரும். சீருடை அணிவதில் ஒரு குடும்பத்துக்குள்ள தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கக்கூடாது. அதற்கான காரணங்கள் இந்த மண்ணில் கண்கூடானவை. பொலிஸ் சேவையைத் தெரிந்தெடுக்கும் இளையோரும் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தெரிவும் மதிக்கத்தக்கது. ஆனால் இந்தத் திறமை சீருடைக்குள் மட்டும் அடங்கியதன்று. போரில் பிறந்த இதே கலை, உலகெங்கும் குடிசார் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களிலும், சுங்கத்திலும், இடிபாடுகளில் மனிதரைத் தேடும் குழுக்களிலும், வனவிலங்குக் கடத்தலைத் தடுக்கும் பணிகளிலும் வேலை தருகிறது.

மிருக வைத்தியராக விரும்புபவருக்கு வழி தெளிவானது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் அமைந்துள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாக வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டில் வன்னியின் நான்கு மாவட்டங்களும் அடங்குகின்றன. இதை அறியாமல் மருத்துவ பீடம் கிடைக்காததையே தோல்வியாகக் கருதும் மாணவர் இன்னும் இருக்கிறார்கள். படிப்பு ஆங்கில மொழியில் நடைபெறும். பட்டம் பெற்ற பின் மிருக வைத்திய சபையில் பதிவு செய்ய வேண்டும். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் பதவிக்குரிய டிப்ளோமாக் கல்வி குண்டசாலை போன்ற இடங்களில் வழங்கப்படுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை உண்டு. உணவூட்டல், இனப்பெருக்கம் போன்ற துறைகளில் இறங்க விரும்புபவருக்கு அது வீட்டுக்கு அருகில் அமைந்த வாசல். வன்னியின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் பார்ப்பவை. நாய் அங்கே தடுப்பூசிக்காகவே வருகிறது. ஆகவே நாய் மருத்துவத்தில் கூடுதல் அனுபவம் பெறப் பேராதனையின் போதனா வைத்தியசாலையையோ நகரத் தனியார் சிகிச்சை நிலையங்களையோ நாட வேண்டியிருக்கும்.

என் அக்கறை மிகுதியாக இருப்பது இன்று வெடிநிலத்தில் நிற்பவர்கள் மீது. இலங்கை 2017 டிசெம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. 2018 ஜூன் 1 இல் அது எமக்கு நடைமுறைக்கு வந்ததால், நிலங்களைத் துப்புரவாக்கும் காலக்கெடு 2028 ஜூன் 1 ஆகிறது. ஹலோ ட்ரஸ்ட், மெக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களில் பணியாற்றும் பலர், குறிப்பாகக் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள், அந்தப் பணி சுருங்கும்போது என்ன செய்வது என்ற கேள்வியோடு வாழ்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, உலகெங்கும் கண்ணிவெடிப் பணிகள் தடுமாறியதையும் அவர்கள் பார்த்தார்கள். நடைமுறை விதிகளை ஒருநாளும் மீறாத பழக்கம், பதிவேடு எழுதும் ஒழுங்கு, காயமடைந்தவருக்கு முதலுதவி செய்யும் பயிற்சி, சலிப்பு தரும் வேலையிலும் கவனம் சிதறாமை ஆகியவை நாயைக் கையாளுபவரிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகள். இவர்களிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. நாயின் உடல்மொழியை அவர்கள் புதிதாகக் கற்க வேண்டும். பொஸ்னியாவில் சரயேவோவுக்கு அருகே, 2000களில் வன்னியிலும் பணியாற்றிய நோர்வே மக்கள் உதவி நிறுவனம் நாய்ப் பயிற்சி நிலையமொன்றை அமைத்தது. கம்போடியா, உக்ரைன் போன்ற நாடுகளில் கண்ணிவெடி தேடும் நாய்கள் இன்றும் வேலை செய்கின்றன.

எல்லோருக்கும் வெளிநாட்டில் இடம் கிடைக்கும் என்று சொல்வது பொய்யாகும். நாய்க் குழு ஒன்றின் செலவு பெரிது. கையாளுபவர்களின் எண்ணிக்கை எங்கும் சிறிது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரியாதவருக்குக் கதவு பாதிதான் திறக்கும். ஆகவே நிறுவனங்கள் தம் இறுதி ஆண்டுகளில் நடத்தும் மாற்றுத் தொழிற்பயிற்சிகளில், தையலுக்கும் கோழி வளர்ப்புக்கும் பக்கத்தில், ஆங்கிலத்தையும் விலங்கு முதலுதவியையும் சேர்க்க வேண்டும் என்று கோருகிறேன். இவ்விரண்டும் நாயோடு வேலை கிடைக்காதவருக்கும் கால்நடைப் பண்ணையில் பயன்படும்.

இந்தத் தொழில்களைத் திட்டமிடும்போது மறக்கப்படுவது நாயின் ஓய்வுக்காலம். எட்டு, ஒன்பது வயதளவில் இடுப்பும் முதுகெலும்பும் தளர்ந்து நாய் வேலையிலிருந்து நீங்குகிறது. வியட்நாம் போரில் பணியாற்றிய ஆயிரக்கணக்கான அமெரிக்க நாய்களுள் மிகச் சிலவே நாடு திரும்பின. எஞ்சியவை கைவிடப்பட்டன அல்லது கொல்லப்பட்டன. ஓய்வுபெறும் படைநாய்களைக் கையாளுபவர்களும் பொதுமக்களும் தத்தெடுக்க 2000 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சட்டம் இடமளித்தது. வன்னியில் எப்போதாவது ஒரு குடிசார் நாய்க் குழு அமையுமானால், ஓய்வுபெறும் நாயை ஏற்கும் முதல் உரிமை அதைக் கையாண்டவருக்கு வழங்கப்பட வேண்டும். மூட்டுவலி மருந்துக்கும் உணவுக்கும் வைத்தியருக்கும் ஆகும் செலவை, நாளாந்தச் சம்பளத்தில் வாழும் அவர் தலையில் சுமத்தாமல், குழுவின் முதலாம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.